வற்ற விடாத பால்

தாதித் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டு வந்தவர்களிடம் முதலில் மாட்டேன் என்றுதான் சொன்னேன். ஊசி போடவும் காயம் கட்டவும் உங்களுக்குப் படிப்பிக்க ஆட்கள் இருக்கிறார்கள். என் காலத்து முறைகளைச் சொன்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பீர்கள். சிரியுங்கள், நாங்களும் எங்களுக்கு முந்தியவர்களைப் பார்த்துச் சிரித்தவர்கள்தான். ஆனால் ஒரு காரியத்தை எந்த வகுப்பிலும் படிப்பிப்பதில்லை. பெரிய வருத்தம், அதாவது நோய், வந்து எழும்பி வரும் ஒரு மனுஷியிடம் கெட்ட செய்தியை எப்போது சொல்வது, யார் சொல்வது என்ற காரியம் அது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். கடைசியில் ஒரு விதி சொல்லித் தருவேன் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். அப்படி ஒன்று என்னிடம் இல்லை.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகிப் பதுளைக்கு வந்தது ஐம்பதுகளின் தொடக்கத்தில். ரயில் அதற்கு மேல் போகாது என்பதால் அங்கே இறங்கினேன் என்று என் தமையன் பகிடி பண்ணுவார். குளிரும் பிடிக்கவில்லை, ஊரும் பிடிக்கவில்லை. ஆஸ்பத்திரியின் பெண்கள் வாட்டில் பாதிப்பேர் சுற்றுவட்டாரத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். அவர்கள் பேசும் தமிழ் எனக்குப் பாதி விளங்காது, என் தமிழ் அவர்களுக்கு முழுதாகவே விளங்காது. நான் வாய் திறந்தாலே சிரிப்பார்கள். அவர்கள் எங்களிடம் வருவதும் கடைசியில்தான். முதலில் தோட்டத்து மருந்துக் காம்பராவில் தண்ணி மருந்து, பிறகு மாரியம்மன் கோயில் திருநீறு, எதுவும் சரிவராவிட்டால்தான் லொறி. தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயங்களில் ஒருவரைப் பற்றி 'பதுளைக்குக் கொண்டு போயாச்சு' என்று சொன்னால் கேட்டவர்கள் உச்சுக் கொட்டுவார்களாம். நாங்கள் கெட்டிக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்த எங்களுக்கு வெளியே இருந்த பெயர் அதுதான்.

ராமாயி வந்தது ஒரு மழை நாளில். பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் லொறியில் சாக்குகளுக்கு மேல் கம்பளி விரித்துப் படுக்கவைத்துக் கொண்டு வந்தார்கள். நெருப்புக்காய்ச்சல், நீங்கள் இப்போது டைபொயிட் என்று சொல்வது. உடம்பைத் தொட முடியவில்லை, ஆளுக்கு நினைவில்லை. வலது கை மட்டும் நெஞ்சுக்குப் பக்கத்தில் யாரையோ தட்டித் தூங்கவைப்பது போல அசைந்துகொண்டே இருந்தது. சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்தது. மழைத் தண்ணீர் என்று நினைத்துத் துடைக்கப் போனபோதுதான் அது பால் என்று கண்டேன்.

கட்டிலின் கால்மாட்டில் தலையில் கம்பளியோடு ஒரு மெலிந்த மனுஷன் நின்றான். அவள் புருஷன் வீரய்யா. பெண்குழந்தை, பிறந்து சில மாதங்கள்தான் ஆகிறது, முதல் பிள்ளை, இப்போது தன் அக்காளிடம் இருக்கிறது என்றான். அக்காள் பெயர் அஞ்சலை. புருஷன் செத்துத் தம்பியோடு வந்து இருக்கிறவள், பிள்ளைகள் இல்லை. அந்த ஒற்றை அறை லயக் காம்பராவில் இவர்கள் மூன்று பேரும் அந்தச் சிசுவும்தான்.

எங்கள் டொக்டர் என் ஊர்ப்பக்கத்து ஆள். வேலையில் சூரன், வாயில் நெருப்பு. குழந்தையை வாட்டுப் பக்கமே கொண்டு வரக்கூடாது, தாய்க்குப் பாலை வற்றப் பண்ண வேண்டும், மார்பை இறுக்கிக் கட்டு என்று சொல்லிவிட்டுப் போனார். அதில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. உயிரைப் பிடித்து வைக்கவே பெலன் இல்லாத உடம்பு பாலுக்கு எங்கே போகும்? நான் கட்டினேன். காய்ச்சல் வாரக்கணக்கில் எரிந்தது. இரண்டு தடவை போய்விட்டாள் என்றே நினைத்தோம்.

நினைவு திரும்பிய அன்று அவள் செய்த முதல் வேலை அந்தக் கட்டை அவிழ்த்ததுதான். நான் திரும்பக் கட்டினேன், அவள் திரும்ப அவிழ்த்தாள். எனக்குக் கோபம் வந்தது. டொக்டர் சொன்னது, உன் நன்மைக்குத்தான் என்று ஏசினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கட்டாதீங்க மிஸி. வத்திரும். வத்திட்டா புள்ளைக்கி என்னத்தக் குடுப்பேன்?"

மிஸி என்றுதான் எங்களைக் கூப்பிடுவார்கள். பாலே இருக்காது, இத்தனை நாள் காய்ச்சலில் என்ன மிஞ்சியிருக்கும் என்றேன். அவள் மார்பை அமுக்கிக் காட்டினாள். கொஞ்சம்தான், ஆனாலும் வந்தது.

அதுவரை அவள் சாப்பாட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்புவாள். கஞ்சிக் கோப்பையோடு நான் கெஞ்ச வேண்டும். அன்றைக்கு எனக்கு ஒரு யோசனை வந்தது. கஞ்சியைக் குடித்தால் கட்டமாட்டேன், குடிக்காவிட்டால் கட்டுவேன் என்றேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுவதையும் குடித்தாள். அடுத்த வேளை கேட்டே வாங்கிக் குடித்தாள். பால் ஊற வேண்டும் என்று பார்லித் தண்ணீரும் குடித்தாள், இறங்காத மருந்தையும் விழுங்கினாள். டொக்டர் வந்து பார்த்துவிட்டு, நான் சொன்னது என்ன நீ செய்வது என்ன என்று எல்லார் முன்னாலும் என்னைக் காய்ச்சி எடுத்தார். பிறகு அவள் கண்ணை இழுத்துப் பார்த்தார், நாடியைப் பிடித்துப் பார்த்தார். திரும்பக் கட்டச் சொல்லாமல் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அந்த மனுஷனிடமிருந்து அதற்கு மேல் சம்மதம் எதிர்பார்க்க முடியாது.

எடுத்த பாலை என்ன செய்வது என்பதற்கும் ராமாயியிடம் சட்டம் இருந்தது. தண்ணீர் ஓடும் பீலியில் ஊற்றக்கூடாது, ஆள் மிதிக்கும் இடத்தில் ஊற்றக்கூடாது, எறும்பு மொய்க்கவும் கூடாது. வாட்டின் பின்பக்கத்தில் ஒரு கொய்யா மரம் நின்றது. எனாமல் கோப்பையில் அவள் எடுத்துத் தரும் பாலை அதன் அடியில் ஊற்றித் தண்ணீரும் விட்டு வருவேன். இந்த வருஷம் கொய்யாப்பழம் இனிக்கும் என்று கூட வேலை செய்தவர்கள் கேலி பண்ணினார்கள். எனக்கும் சிரிப்புத்தான். அந்த நாட்களில் வாட்டிலேயே சந்தோஷமான வேலை அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

தோட்டத்து ஆட்கள் ஞாயிற்றுக்கிழமைதான் பார்க்க வருவார்கள். மற்ற நாளில் வந்தால் வேலைக் கணக்கில் பேர் விழாது, கூலி இல்லை. ஒரு ஞாயிறு வீரய்யா கட்டிலடிக்குப் போகாமல் விறாந்தைத் தூணுக்குப் பின்னால் நின்று என்னைக் கையால் கூப்பிட்டான். பக்கத்தில் போனேன்.

"புள்ள போயிருச்சு மிஸி," என்றான்.

வயிற்றோட்டமும் சத்தியும், குடித்ததெல்லாம் வெளியே வந்துவிட்டதாம். மருந்துக் காம்பராவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். மருந்து கொடுத்துத்தான் அனுப்பினார்களாம். விடிந்தபோது குழந்தை இல்லை. தன் வேட்டியில் சுற்றித் தானே கையில் ஏந்திக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டு வந்தேன் என்றான். அதைச் சொல்லும்போது கைகள் இன்னும் ஏந்தின மாதிரியே இருந்தன. அவன் அழவில்லை. அவளுக்குச் சொல்லிவிடாதீர்கள், தெரிந்தால் அவளும் போய்விடுவாள் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான். பிறகு முகத்தைக் கம்பளியால் துடைத்துக்கொண்டு உள்ளே போனான். அவள் பிள்ளை எப்படி இருக்கிறது என்று கேட்டாள். நல்லா இருக்கு என்றான்.

நான் டொக்டரிடம் போனேன். காய்ச்சல் விட்டு இப்போதுதான் சில நாள் ஆகிறது, இது திரும்பி வரக்கூடிய வருத்தம், குடல் நனைந்த கடதாசி மாதிரி இருக்கிறது, அவள் சாப்பிடுவது அந்தக் குழந்தைக்காக, தெரிந்த அன்றைக்குக் கோப்பையைத் தள்ளிவிடுவாள் என்றார். அவள் தன் காலால் நடந்து வீட்டுக்குப் போகிற நாள்வரை யாரும் மூச்சுவிடக் கூடாது. அந்த நாளில் நீதான் சொல்ல வேண்டும், அந்த மனுஷனால் முடியாது என்றும் சொன்னார்.

பிள்ளைகளே, உத்தரவு போடுகிறவருக்கு அது ஒரு வாக்கியம். அவர் சொல்லிவிட்டு அடுத்த வாட்டுக்குப் போய்விடுவார். செய்கிறவள் அதோடு நாள் முழுக்க நிற்க வேண்டும். மறுநாள் காலையில் ராமாயி வழக்கம்போலக் கோப்பையை நீட்டினாள். முந்தியதைவிடக் கூடுதலாக இருந்தது. பாருங்க மிஸி, ஊறுது என்று ஒரே பூரிப்பு. நான் வாங்கிக்கொண்டு கொய்யா மரத்தடிக்குப் போனேன். ஊற்ற முடியவில்லை. கொஞ்ச நேரம் கோப்பையைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதுவிட்டுத்தான் ஊற்றினேன். டொக்டர் சொன்னது சரி என்றே அப்போது நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். சரியான காரியம் என்றால் செய்ய லேசாக இருக்கும் என்று உங்களுக்கு யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அடுத்த ஞாயிறு அவள் வீரய்யாவை விடவில்லை. நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னா என்ன செய்யுது, சிரிக்குதா, தலை நின்னுருச்சா என்று துருவினாள். பொய் சொல்லப் பழகாத வாய். அவன் திணறிப்போய், "குப்புற விழுந்திருச்சு," என்று சொல்லிவிட்டான்.

ராமாயியின் முகம் மலர்ந்ததை நான் மருந்துத் தட்டோடு நின்று பார்த்தேன். குழந்தை முதல் தடவை குப்புற விழுந்தால் அவர்கள் கொழுக்கட்டை அவித்து அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பார்கள். கொடுத்தீர்களா என்று கேட்டாள். இல்லை என்றான். நான் இல்லாவிட்டால் அதைக்கூடச் செய்யமாட்டீர்களா, பிள்ளைக்குக் கண் பட்டுவிடும், அக்காவை அவிக்கச் சொல்லுங்கள், லயத்துக்கெல்லாம் கொடுங்கள், இந்த வாட்டுக்கும் கொண்டு வாருங்கள், இத்தனை பேர் என்னைப் பார்த்துக்கொண்டார்கள் என்று அடுக்கினாள். வீரய்யா தலையாட்டினான். வெளியே வந்ததும் சுவரில் சாய்ந்துவிட்டான்.

"வாயில வந்துருச்சு மிஸி. எப்பிடி வந்துச்சுன்னே தெரியல."

மா கிடைக்கவில்லை என்று ஏதாவது சொல்லித் தட்டிக் கழித்துவிடு என்று சொல்லி அனுப்பினேன். ஆனால் அடுத்த ஞாயிறு அவனோடு அஞ்சலையும் வந்தாள், கையில் தூக்குச்சட்டி. அவள் ஆஸ்பத்திரிக்கு வந்தது அதுதான் முதல் தடவை. தம்பி இதைத் தனியாகக் கொண்டுபோக முடியாது என்று நின்றுவிட்டானாம். குழந்தை செத்த வீட்டில் என்ன அவிக்கிறாய் என்று லயத்தில் கேட்பார்களே என்று விடியுமுன் கதவைச் சாத்திக்கொண்டு அவித்தேன் என்று என்னிடம் குசுகுசுத்தாள். தூக்குச்சட்டியை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றி மாற்றிப் பிடித்தாள். ஆவியில் சுட்டுவிட்டதென்று நினைத்து மருந்து போடட்டுமா என்று கேட்டேன். இல்லை மிஸி, வேண்டாம் என்றாள்.

ராமாயி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். தூக்குச்சட்டியை வாங்கி மூடியைத் திறந்தாள். அவளுக்கு இன்னும் கஞ்சிப் பத்தியம்தான், ஒரு துண்டும் கொடுக்க முடியாது. கட்டிலில் இருந்தபடியே ஒவ்வொருவருக்கும் எடுத்துக் கொடுக்கச் சொன்னாள். அஞ்சலை கட்டில் கட்டிலாகக் கொண்டுபோய்க் கொடுத்தாள். பக்கத்துக் கட்டிலில் வெலிமடையிலிருந்து வந்த சிங்கள மனுஷி ஒருத்தி இருந்தாள். விஷயம் கேட்டறிந்து, கொழுக்கட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, குழந்தை நீண்ட காலம் இருக்க வேண்டும் என்று சிங்களத்தில் வாழ்த்தினாள். அதன் அர்த்தத்தைச் சொல்லும்படி ராமாயி என்னைப் பார்த்தாள். நான் தமிழில் சொன்னேன். எனக்கும் ஒன்று வந்தது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க அதை நான் தின்றேன்.

அதற்குப் பிறகு ராமாயி தேறினது எங்களுக்கே ஆச்சரியம். கொடுத்ததெல்லாம் சாப்பிட்டாள். கட்டிலைப் பிடித்து நின்றாள், சுவரைப் பிடித்து நடந்தாள். பால் எடுப்பது மட்டும் நிற்கவில்லை. முந்தி விளையாட்டுப் போலக் கோப்பையை நீட்டுவாள், இப்போது ஒரு வேலை போலச் செய்தாள். ஞாயிறுகளில் வீரய்யா வந்து பிள்ளை சிரிக்குது, கையைச் சப்புது என்று சொல்லிக்கொண்டிருப்பான். பழகிவிட்டது, அந்தப் பொய்களைச் சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு வெளிச்சம்கூட வரும். அவள் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருப்பாள். ஆனால் தானாகப் பிள்ளை எப்படி இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. நோயாளி எதைக் கேட்கிறாள் என்று நாம் கவனிக்கிறோம். எதைக் கேட்பதை நிறுத்திவிட்டாள் என்று கவனிக்க நேரம் இருப்பதில்லை. உங்களுக்கு நான் சொல்லக்கூடியது ஏதாவது இருக்குமென்றால் அது இவ்வளவுதான்.

வீட்டுக்கு அனுப்பும் நாள் வந்தது. டொக்டர் என்னைப் பார்த்தார், நான் தலையாட்டினேன். வீரய்யா வருமுன் சொல்லிவிட வேண்டும். எப்படித் தொடங்குவது, மயங்கி விழுந்தால் என்ன செய்வது என்றெல்லாம் யோசித்துத் தயாராகத்தான் போனேன். அவள் ஆஸ்பத்திரிச் சட்டையை மாற்றிச் சேலை கட்டி, தலை சீவி உட்கார்ந்திருந்தாள். கோப்பை கழுவிக் கவிழ்த்தபடியே இருந்தது. அன்று காலையில் பால் எடுக்கவில்லை. கட்டிலில் உட்காரக்கூடாது என்பது எங்கள் சட்டம். நான் உட்கார்ந்தேன்.

"ராமாயி, உன்னட்ட ஒரு விஷயம் சொல்ல வேணும்," என்றேன்.

"வேணாம் மிஸி. எனக்குத் தெரியும்."

அவளே சொன்னாள்.

"அன்னிக்கு ரெண்டு பேரும் சேந்து வந்தாங்கல்ல. அவுங்க ரெண்டு பேரும் இங்க நின்னா புள்ளய ஆரு வச்சிருக்கா? அக்கா அவள ஒரு நிமிசம் எறக்கி விடாது. அப்பவே தெரிஞ்சிருச்சு."

அந்தத் தூக்குச்சட்டியைத் திறக்கும்போதே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் ஒவ்வொரு கட்டிலுக்கும் கொடுக்கச் சொல்லியிருக்கிறாள். வாழ்த்தைத் தமிழில் கேட்டு வாங்கியிருக்கிறாள். ஏன் நீ ஒன்றும் கேட்கவில்லை என்று அவளிடம் கேட்டேன்.

"அக்கா கதவச் சாத்திக்கிட்டு அழுதுக்கிட்டே அவிச்சிருக்கும். அதக் கொண்டாந்து வச்சிக்கிட்டு நிக்கிது. நான் என்னத்தன்னு கேக்குறது? அவரும் வாரா வாரம் வந்து சொல்றாரு. அந்த நேரத்துக்காச்சும் அவருக்குப் புள்ள இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

அப்படியானால் பிறகேன் பால் எடுத்தாய், ஏன் வற்ற விடவில்லை என்றேன். இதுகூடத் தெரியாதா என்பது போல என்னைப் பார்த்தாள்.

"பெரியவுங்க செத்தா மறுநா போயி பாலு ஊத்துவாங்க மிஸி. பச்சப் புள்ளைக்கி ஒண்ணும் செய்ய மாட்டாங்க. மண்ணப் போட்டு மூடிட்டு வந்துருவாங்க. அவ நான் எங்கன்னு தேடிக்கிட்டே பசியோட போயிருப்பா. நான் போயி ஒரு தடவையாச்சும் ஊத்தணும். அதுக்குத்தான் நீங்க குடுத்ததெல்லாம் தின்னேன்."

நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதேன். சொல்லப் போனவள் நான், தேற்றியவள் அவள். இவ்வளவு நாள் ஊத்திக் குடுத்தீங்களே மிஸி, அதுவே போதும் என்று என் முதுகைத் தடவினாள். அவள் கண்ணில் அப்போதும் தண்ணீர் இல்லை.

வீரய்யா வந்தான். எண்ணெய் வைத்துத் தலை வாரியிருந்தான். ஞாயிற்றுக்கிழமைச் சிரிப்பை முகத்தில் மாட்டிக்கொண்டு, "புள்ள..." என்று தொடங்கினான். என் கண்ணைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"எங்க வச்சிருக்கீங்கன்னு காட்டுங்க," என்றாள் ராமாயி. "மொதல்ல அங்க போவோம். வீட்டுக்குப் பொறகு போவோம்."

நான் சொல்லிவிட்டேன் என்று நினைத்து என்னைப் பார்த்தான். நான் இல்லை என்று தலையாட்டினேன். அப்படியே விறாந்தைத் தரையில் உட்கார்ந்து, கம்பளியை முகத்தில் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினான். பிள்ளையைப் புதைத்த நாளிலிருந்து அடக்கி வைத்த அழுகை. வாட்டில் இருந்தவர்கள் எழும்பி வந்து வாசலில் நின்றார்கள். ராமாயி சுவரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மற்றக் கையை அவன் தலையில் வைத்து அவன் அழுது முடிக்கும்வரை நின்றாள். பிறகு குனிந்து மெதுவாகச் சொன்னாள்.

"எந்திரிங்க, போவோம். பாலு கட்டிக்கிட்டு வலிக்கிது."